பேர் தெரியாத சகோதரிக்காக

ஆம்பூர்
24 ஜூன் 2025

அண்ணிக்கு,

மேலே வழக்கமா எழுதற வரியை எழுதல. 'கர்த்தருக்குள் அன்பான' வரைக்கும் எழுதிட்டு அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன். கை கூசிச்சு.

எட்டு நாளா போன் பண்றேன். நீங்க எடுக்கல. கட் பண்ணவும் இல்ல, அது பாட்டுக்கு அடிச்சு ஓயுது. அதனாலதான் லெட்டர். எம்.காம். படிச்சப்போ லீவ் லெட்டர் எழுதினது, அப்புறம் ஷூ கம்பெனியில ஷிப்பிங் பேப்பர் டைப் பண்ணது, அதோட சரி. வீட்டு மனுஷங்களுக்கு லெட்டர் எழுதறது இதுதான் முதல் தடவை. அதுவும் இதுக்காக.

போன வாரம் திங்கக்கிழமை நீங்க வாட்ஸப்பில அந்த ஸ்கிரீன்ஷாட் படத்தை அனுப்பி, 'இது நீயா?'ன்னு கேட்டிருந்தீங்க. நான் பாத்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நீல டிக் விழுந்திருக்கும். டைப் பண்ணிப் பண்ணி அழிச்சேன். அதுவும் உங்களுக்குக் காட்டியிருக்கும். முதல் தடவை 'இல்ல'ன்னு அடிச்சேன். ரெண்டாவது 'எது?'ன்னு அடிச்சேன். மூணாவது தடவை ஒண்ணும் அடிக்காம போனை அரிசி டப்பா மேல கவுத்து வெச்சிட்டேன்.

ஆமா அண்ணி. நான்தான்.

ஆனா நீங்க நெனைக்கற மாதிரி இல்ல. அது கேள்வி கேக்கற ஆப். ஊர் பேர் தெரியாதவங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுப்பாங்க. 'ஒரே ஒரு நாள் கண்ணுக்குத் தெரியாம இருந்தா எங்க போவீங்க?'ன்னு ஒருத்தர் கேப்பாரு. 'செத்துப்போனவங்க நம்பருக்கு யாராவது போன் பண்ணிப் பாத்திருக்கீங்களா?'ன்னு ஒருத்தி. 'உலகத்துல கடைசி ஆள் நீங்கதான்னா, தூங்கறப்போ கதவைத் தாழ் போடுவீங்களா?'ன்னு ஒருத்தர் கேட்டதுக்கு நான், 'தாழ் போடுவேனோ இல்லையோ, நல்லா தூங்குவேன்'னு எழுதினேன். அறுபது பேர் ஹார்ட் போட்டாங்க. அந்த மாதிரி வெறும் கற்பனைக் கேள்விதான் என்னோடதும். நாலு பேர் சிரிக்கட்டும்னு கேட்டது. அது எப்படி வெளியில போச்சு, உங்களுக்கு யார் அனுப்பினாங்கன்னே எனக்குத் தெரியல.

ஆப்பை அழிச்சிட்டேன்.

உங்க தம்பி, 'அக்கா ஏன் ரெண்டாவது சனிக்கிழமை வரல?'ன்னு கேட்டாரு. டூட்டின்னு சொன்னேன். ஜூலை 27 ஞாயிறு பாப்பா நிஸ்ஸிக்கு ஞானஸ்நானம்னு ஆயர் தேதி கொடுத்துட்டாரு. ஞானத்தாய் நீங்கன்னு உங்க தம்பி எப்பவோ சொல்லியாச்சு. ஃபாரம் மேஜை மேலேயே இருக்கு. உங்க பேர் எழுதற இடத்தை நான் இன்னும் நிரப்பல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எழுதிடுவேன்.

மன்னிச்சிடுங்கன்னு எழுத வந்தேன். அதை எந்த இடத்துல எழுதறதுன்னு தெரியல.

ஃபீபி



வேலூர்
30 ஜூன் 2025

ஃபீபிக்கு,

லெட்டர் கிடைச்சுது. போனை எடுத்திருந்தா என் வாயில இன்னா வந்திருக்கும்னு எனக்கே தெரியாது. எழுதறப்போ கொஞ்சம் அடக்க முடியுது. அதனால நானும் எழுதறேன்.

ஜெயகரன் என்கிட்டயும் கேட்டான். நானும் டூட்டின்னுதான் சொன்னேன். கலந்து பேசாமலே ரெண்டு பேரும் ஒரே பொய். அதுல மட்டும் நமக்குள்ள நல்ல பொருத்தம்.

'நாலு பேர் சிரிக்கட்டும்னு கேட்டது'ன்னு எழுதியிருக்கே. சரி. எப்படி சிரிச்சாங்கன்னு சொல்றேன், கேட்டுக்க.

ஜூன் 12 வியாழக்கிழமை எங்க சர்ச்சில பெண்கள் ஐக்கிய சங்கம். காலை டூட்டி முடிச்சு நேரா போனேன். போன் பைக்குள்ள. ஜெபக் குறிப்பு நேரம் வந்துச்சு. எங்க செயலாளர் கிரேஸி டீச்சர் ஒவ்வொரு துண்டுச் சீட்டா படிச்சு, இதுக்கு நீங்க, அதுக்கு நீங்கன்னு ஆளுக்கு ஒண்ணு கொடுப்பாங்க. கடனுக்கு ஒண்ணு, கிட்னி கல்லுக்கு ஒண்ணு. எனக்கு வந்த சீட்டு இது. அப்படியே எழுதறேன்: 'பேர் தெரியாத ஒரு சகோதரி. தான் பெற்ற குழந்தையை, குழந்தை இல்லாத நாத்தனாருக்குக் கொடுத்துவிட நினைக்கிறார். அந்தக் குடும்பத்துக்காக.'

கிரேஸி டீச்சர் என் முகத்தையே பாத்துக்கிட்டு, "நீங்க ஜெபிக்கிறீங்களா, கேத்தரின்? உங்களுக்குத்தான் அந்தப் பாரம் புரியும்"னாங்க. நான் பிள்ளை இல்லாதவ, அதனால இந்தச் சீட்டை எனக்குக் கொடுக்கறாங்கன்னு நெனச்சேன். முட்டி போட்டேன். கண்ணை மூடினேன். சத்தமா ஜெபம் பண்ணேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே பண்ணேன். குரல் உடைஞ்சு அழுதுட்டேன். எப்பவும் நடுநடுவுல ஆமென், ஸ்தோத்திரம்னு சத்தம் வரும். அன்னைக்கு ஒரு ஈ பறந்தாகூடக் கேக்கும். எல்லாரும் உருகிப் போய்ட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் டீ கொடுத்தாங்க. ஆளுக்கு ஒரு சமோசா. எனக்கு மட்டும் ரெண்டு வெச்சாங்க.

பஸ்ஸுல உக்காந்து போனை எடுத்தேன். எங்க சங்கத்து குரூப்புல காலையில பதினோரு மணிக்கே அந்தப் படம் வந்திருக்கு. 'இப்படியும் ஒரு தாய், ஜெபியுங்கள்'னு மேலே ஒரு வரி. கேள்வி மட்டும் இல்ல, கேள்விக்குக் கீழே நீ எழுதினது பூரா. நாத்தனார் வேலூர்ல நர்ஸ். மூணு தடவை கலைஞ்சுது. மாசம் ரெண்டு சனிக்கிழமை வந்து குழந்தையைக் குளிப்பாட்டுவாங்க. கலைஞ்ச மூணுக்கும் பேர் வெச்சிருந்தாங்க.

அத்தனை பேரும் அதைப் படிச்சிட்டுத்தான் மீட்டிங்குக்கு வந்திருக்காங்க. படிக்காதவ நான் ஒருத்திதான்.

கண்ணை மூடிக்கிட்டு எனக்காகவே நான் ஜெபம் பண்ணியிருக்கேன், ஃபீபி. அவங்க எல்லாம் கண்ணைத் திறந்து பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

மூணு தடவை கலைஞ்சது ஊருக்கே தெரியும். பேர் வெச்சது உனக்கு மட்டும்தான் தெரியும். உனக்குப் பிரசவ வலி எடுத்தப்போ, என் கையை நகத்தால கிழிச்சுக்கிட்டு, 'ஏதாச்சும் பேசுங்க அண்ணி, நிறுத்தாதீங்க'ன்னே. பேசறதுக்கு எனக்கு வேற ஒண்ணும் கிடைக்கல. அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் டேனியலுக்கே தெரியாதது அது.

கற்பனைன்றே. என் மூணு பேரும் கற்பனையா?

ஞானத்தாய்க்கு வேற ஆளைப் பாரு.

கேத்தரின்

நிஸ்ஸிக்கு ஒன்பதாம் மாச ஊசி தேதி கார்டுல இருக்கு. தள்ளிப் போடாதே.



ஆம்பூர்
5 ஜூலை 2025

அண்ணி,

ஊசி போட்டாச்சு. அன்னைக்கு ராத்திரி லேசா காய்ச்சல் இருந்துச்சு, காலையில விட்டுடுச்சு. இதை முதல்ல சொல்லிட்டேன். மத்தது படிக்கப் பிடிக்கலைன்னா இதோட மடிச்சு வெச்சிடலாம்.

உங்க லெட்டரை பாத்ரூம்ல உக்காந்து படிச்சேன். ரெண்டு சமோசா வெச்சாங்கன்ற இடத்துக்கு மேலே என்னால போக முடியல. திரும்பத் திரும்ப அங்கேயே நின்னேன். உங்க தட்டுல அந்த ரெண்டாவது சமோசாவை வெச்சது நான்தான்.

போன லெட்டர்ல பொய் சொன்னேன். சிரிக்கறதுக்குக் கேட்ட கேள்வி இல்ல. எப்படி நடந்துச்சுன்னு உள்ளபடி எழுதறேன்.

பாப்பாவுக்குப் பால் கொடுக்கறப்போ ஒரு கை சும்மா இருக்கும். அந்தக் கையிலதான் ஆரம்பிச்சுது. நாள் முழுக்க வீட்ல நான், அது, மேலே ஃபேன். உங்க தம்பி காலையில ஆறரைக்கு ராணிப்பேட்டைக்குத் தோல் கம்பெனி பஸ் ஏறினா இருட்டினப்புறம்தான் வருவாரு. வந்து சட்டையைக் கழட்டறப்பவே தோல் வாசனையோட, 'பாப்பா இன்னைக்கு இன்னா பண்ணா?'ன்னு கேப்பாரு. நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்லல. நெமிலியில இருந்து எங்க அம்மா போன் பண்ணா, 'பால் குடிக்கிறாளா, எடை ஏறிச்சா?' அப்பாவை விட்டுட்டு அவங்களால வர முடியாது. சர்ச்சில, 'குழந்தை ஏன் இளைச்ச மாதிரி இருக்கு?' எல்லாமே கேள்விதான். எதுவும் என்னைப் பத்தின கேள்வி இல்ல. அந்த ஆப்புலதான் யாரோ ஒருத்தர், முகம் கூட இல்லாதவர், 'நீங்க கடைசியா எப்போ சத்தமா சிரிச்சீங்க?'ன்னு கேட்டாரு. நான் யோசிச்சேன். யோசிக்க வேண்டியிருந்துச்சு.

மே மாசம் ஒரு சனிக்கிழமை நீங்க வந்து பாப்பாவைக் குளிப்பாட்டினீங்க. எண்ணெயை முதல்ல உங்க மணிக்கட்டுல விட்டுப் பாத்தீங்க. நான் குளிப்பாட்டினா வீறிட்டு அழறது, உங்க கால் மேல படுத்துக்கிட்டு சிரிச்சுது. நீங்க கிளம்பிப் போனதும் மறுபடி அழ ஆரம்பிச்சுது. அன்னைக்குத்தான் எழுதினேன். 'கற்பனைக்கு ஒரு கேள்வி. நாளைக்குக் காலையில எழுந்திருக்கீங்க. உங்க கைக்குழந்தை உங்க நாத்தனாருக்குப் பொறந்ததுன்னு ஊரே நம்புது. நாத்தனாரும் நம்பறாங்க. உண்மை உங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு. வாயைத் திறந்து சொல்லுவீங்களா, பேசாம இருந்துடுவீங்களா?'

நானூறு பேருக்கு மேல பதில் போட்டாங்க. 'என் உசிரே போனாலும் சொல்லுவேன்'னு நிறைய பேர். 'நீயெல்லாம் தாயா?'ன்னு சில பேர். நான் கீழே, 'நானா இருந்தா பேசாம இருந்துடுவேன்'னு போட்டேன். திருப்பத்தூர்க்காரர் ஒருத்தர், 'கதை விடாதீங்க மேடம். நாத்தனாருக்கு ஒரு தோடே விட்டுக் கொடுக்க மாட்டீங்க, பிள்ளையையா?'ன்னு எழுதினாரு. அதுக்குப் பதினஞ்சு பேர் சிரிச்சிருந்தாங்க.

எனக்கு அது பொறுக்கல. கதை இல்ல, அவங்க எப்பேர்ப்பட்டவங்கன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு எழுத ஆரம்பிச்சேன். அவர் நம்ப மாட்டேன்னு சொல்லச் சொல்ல இன்னும் எழுதினேன். நர்ஸுன்னேன். மூணு தடவைன்னேன். அதுக்கும் அவர், 'எத்தனையோ பேருக்கு நடக்கறதுதானே'ன்னாரு. அப்போதான் பேர் வெச்சதைச் சொன்னேன். அதுக்கப்புறம் அவர் ஒண்ணும் பேசல. நான் ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு அண்ணி. அதை நெனச்சாதான் இப்போ என் முகத்தைக் கண்ணாடியில பாக்க முடியல. யாருன்னே தெரியாத ஒரு ஆள் என்னை நம்பணும்னு, உங்களை எடுத்துக் கொடுத்திருக்கேன்.

நான் வேலூர் வர்றேன். உங்க ஐக்கிய சங்கத்துல எல்லாரும் இருக்கறப்போ எழுந்து நின்னு, எழுதினவ நான்தான், கேத்தரின் அண்ணிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றேன். எந்த வியாழக்கிழமைன்னு மட்டும் சொல்லுங்க.

ஞானத்தாய்க்கு வேற ஆள் பாக்கல. உங்க தம்பிகிட்ட என்ன காரணம் சொல்றது?

ஃபீபி



வேலூர்
11 ஜூலை 2025

ஃபீபி,

நீ வேலூர் வர வேணாம். எழுந்து நின்னு சொல்றியாம். அவங்களுக்கு இன்னொரு வியாழக்கிழமைக்கு விஷயம் கிடைக்கும், வேற ஒண்ணும் நடக்காது. நானே போறதை நிறுத்திட்டேன். கிரேஸி டீச்சர் ஒருநாள் வீட்டுக்கு வந்தாங்க, ஆப்பிளோட. 'நாங்க யாரும் உங்களைத் தப்பா நெனைக்கல'ன்னாங்க. 'நானும் உங்களைத் தப்பா நெனைக்கல டீச்சர், ஆனா ஒரு வார்த்தை காதுல போட்டிருக்கலாம்'னேன். ஆப்பிளை வெச்சிட்டுப் போய்ட்டாங்க. மாவா இருந்துச்சு.

டேனியலுக்குத் தெரிஞ்சு போச்சு. அவரோட ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் மனைவி எங்க சங்கத்துல இருக்கா. போன ஞாயித்துக்கிழமை வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன், டேனியல் பக்கத்துல வந்து நின்னு, "ரெண்டாவதுக்கு இன்னா பேர்?"னாரு. முதல்ல ரெண்டாவதைத்தான் கேட்டாரு. அது ஆறு மாசம் இருந்துச்சு இல்ல, அதனால. சொன்னேன். மூணையும் சொன்னேன். 'நல்ல பேர்'னாரு. அப்புறம் மீதி வெங்காயத்தை அவர் உரிச்சாரு. இதுக்காக உனக்கு நன்றி சொல்லணுமா, இன்னும் நாலு திட்டணுமான்னு தெரியல. ரெண்டும் செய்யல.

நீ உள்ளபடி எழுதிட்டே. அதனால எனக்கும் வேற வழி இல்ல.

போன லெட்டர்ல நான் இன்னா ஜெபம் பண்ணேன்னு சொல்லவே இல்ல. நல்லா பண்ணேன்னு மட்டும் எழுதினேன். வேற யாராச்சும் இருந்தா, அந்தப் பொண்ணோட மனசை மாத்தும்னு ஜெபிச்சிருப்பாங்க. நான் அப்படி ஜெபிக்கல. 'ஆண்டவரே, வேணாம்னு சொல்றவ கையில இருந்து எடுத்து, ஏங்கறவ கையில கொடும்'னு கேட்டேன். ஒரு தடவை இல்ல. கொடும், கொடும்னு தரையைத் தட்டித் தட்டிக் கேட்டேன். பேர் தெரியாத ரெண்டு பொம்பளைங்கதானேன்ற தைரியம்.

பஸ்ஸுல படத்தைப் படிச்சதும் இது நிஸ்ஸின்னு தெரிஞ்சு போச்சு. உடனே எனக்குக் கோபம் வந்ததுன்னுதானே நெனச்சுக்கிட்டு இருக்கே. இல்ல. முதல்ல சந்தோஷம் வந்துச்சு. ஒரு நொடி. 'அப்போ ஃபீபி கொடுத்துடுவாளா?'ன்னு. பாகாயம் ஸ்டாப் வந்துச்சு, யாரோ என் காலை மிதிச்சுட்டு இறங்கினாங்க, அதோட அந்த நொடி போய்டுச்சு. அப்புறம்தான் கோபம். அந்த ஒரு நொடியை யாரும் பாத்துடக்கூடாதுன்னுதான் இத்தனை கோபம்.

ஞானத்தாயா நிக்கறவ சபைக்கு முன்னால, இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்புன்னு சொல்லணும். பெத்தவகிட்ட இருந்து எடுத்துக் கொடும்னு கேட்ட அதே வாயாலயா? அதனாலதான் வேற ஆளைப் பாருன்னேன். நீ பண்ணதுக்குத் தண்டனைன்னு நெனச்சுக்காதே. உன் வாசப்படியை மிதிக்க எனக்குத்தான் வெக்கமா இருக்கு.

ஜெயகரன்கிட்ட எனக்கு அன்னைக்கு டூட்டி மாத்த முடியலைன்னு சொல்லு. இன்னொரு பொய். எழுதி வெச்சுக்க, மறந்துட்டு வேற மாதிரி சொல்லிடப் போறே.

கேத்தரின்



ஆம்பூர்
16 ஜூலை 2025

அண்ணி,

உங்க லெட்டர் திங்கக்கிழமை காலையில வந்துச்சு. அன்னைக்கு மதியம் நடந்ததை எழுதறேன். படிச்சிட்டு, இது உங்க லெட்டராலன்னு மட்டும் தயவுசெஞ்சு நெனைக்காதீங்க. இதுக்கு முன்னாலயும் ரெண்டு தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பியிருக்கேன்.

லெட்டரைப் படிச்சதும் எனக்கு உங்க மேல கோபம் வரல. நிம்மதியா இருந்துச்சு. அப்போ பாப்பாவுக்கு ஆள் இருக்கு, நான் இல்லைன்னாலும் பரவாயில்லைன்னு தோணுச்சு. அந்த நிம்மதியே சரியில்லைன்னு இப்போதான் புரியுது.

ரெண்டரை மணி இருக்கும். பாப்பா தூளியில தூங்கிக்கிட்டு இருந்தா. நான் நைட்டி மேல துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு வெளியே வந்து தாழ்ப்பாளை இழுத்தேன். கடைக்குப் போறதா இல்ல, எங்கயும் போறதா இல்ல. மெயின் ரோடு வரைக்கும் நடந்தேன். டவுன் பஸ் வந்து நின்னுது, ஏறிட்டேன். கண்டக்டர், "எங்கம்மா?"ன்னாரு. "கடைசி வரைக்கும்"னேன். "மாதனூரா?"ன்னாரு. தலையை ஆட்டினேன். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இலவசம்தானே, சும்மா கிழிச்சுக் கொடுத்தாரு. காசு எடுக்க வேண்டியிருந்தா வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். கையில ஒண்ணும் இல்ல.

ஜன்னல் பக்கம் உக்காந்தேன். அழல. பயமும் இல்ல. காத்து மூஞ்சியில அடிச்சுது, நல்லா இருந்துச்சு. நல்லா இருந்துச்சுன்றதை ஒரு தடவை கோடு போட்டு அடிச்சேன், ஆனா உள்ளபடி எழுதணும்னு மறுபடி எழுதறேன்.

பக்கத்துல ஒரு அம்மா, பூக்கூடையோட. என் தோளைப் பாத்தாங்க. பாப்பா கக்கின பால் காய்ஞ்சு வெள்ளையா இருந்துச்சு. "கைக்குழந்தையா? எங்க விட்டுட்டு வந்தே?"ன்னு கேட்டாங்க.

நான், "என் குழந்தை இல்லம்மா. எங்க நாத்தனார் குழந்தை"ன்னேன்.

யோசிக்கவே இல்ல அண்ணி. தண்ணி குடிக்கற மாதிரி வந்துச்சு. நானூறு பேர்கிட்ட கேட்ட கேள்விக்கு நான் நிஜமாவே பதில் சொல்லிட்டேன். அந்த அம்மா, "ஓ, அத்தையா!"ன்னு சிரிச்சாங்க. "கொழுகொழுன்னு இருக்குமா?"ன்னாங்க. ஆமான்னேன். "அம்மா ஜாடையா, அப்பா ஜாடையா?"ன்னாங்க. எனக்கு பாப்பா முகமே ஞாபகம் வரல. கண்ணை மூடிப் பாத்தேன், வரல. அப்போதான் பயந்தேன். மாதனூர் வந்ததும் இறங்கி ரோட்டைத் தாண்டி ஓடினேன். திரும்பி வர்ற பஸ் இருபது நிமிஷம் ஆச்சு.

தெரு முனைக்கு வர்றப்பவே பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் சத்தம் கேக்கலைன்னு தெரிஞ்சுது. பக்ருன்னிசா ஆப்பா, எனக்கு அக்கா மாதிரி, ஷூவோட மேல்பக்கத் தோலை வீட்டுலயே தைக்கறவங்க. பகல்ல அந்த மெஷினை நிறுத்தவே மாட்டாங்க. எங்க வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. இடுப்புல பாப்பா. அழுதழுது மூஞ்சி வீங்கி, ஆப்பாவோட முந்தானையை வாயில வெச்சிக்கிட்டு இருந்தா.

ஆப்பா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. வெறும் கை, நைட்டி, துப்பட்டா.

"இன்னாம்மா, மெடிக்கல்ல கூட்டம் ஜாஸ்தியா?"ன்னாங்க.

"ஆமா ஆப்பா"ன்னேன்.

"அப்டிதான் நிக்க வெப்பானுங்க. இனிமே போனா என்னாண்ட குடுத்துட்டுப் போ. நான் தாழ்ப்பாளை தொறக்கறதுக்குள்ள மூச்சுப் பிடிச்சுக்கிச்சு, பேஜாராய்டுச்சு"ன்னாங்க. அவ்வளவுதான். குழந்தையை என் கையில கொடுத்துட்டு உள்ளே போய் மெஷினை ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க. உங்க தம்பிகிட்டயும் இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல.

போனை அணைச்சே வெச்சிருக்கேன். அதைப் பாத்தாலே பயமா இருக்கு.

ஞானஸ்நானம் இன்னும் பதினோரு நாள். நீங்க பாப்பாவுக்கு ஒரு நொடி ஆசைப்பட்டதுக்காக நிக்க மாட்டேன்றீங்க. நான் அவளைப் பெத்தவன்னு நிக்கலாமா? ஆயர் என்னைத்தான் முதல்ல, இந்தக் குழந்தையைக் கொண்டு வர்றது யாருன்னு கேப்பாரு.

இவ்வளவு நாளா பேர் தெரியாதவங்ககிட்டயே எல்லாத்தையும் கேட்டேன். இது ஒண்ணை உங்ககிட்ட கேக்கறேன். இதுல கற்பனை ஒண்ணும் இல்ல. நீங்க நர்ஸ். எனக்கு என்ன ஆச்சு, அண்ணி?

ஃபீபி



வேலூர்
18 ஜூலை 2025, வெள்ளி, மதியம்

ஃபீபி கண்ணு,

இதைத் தபால்ல போடல. எங்க வார்டு சைரா ஆம்பூர்தான், நாலு மணி பஸ்ஸுல வீட்டுக்கு வர்றா. உன் கையிலதான் கொடுக்கணும்னு சொல்லி அனுப்பறேன். வார்டுல ரெண்டு பேர் லீவு, இன்னைக்கு என்னை விட மாட்டாங்க. நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுல வர்றேன்.

உன் நம்பர் அணைஞ்சே கிடக்கு. ஜெயகரனுக்குப் போன் பண்ணி, அரை நாள் லீவு போட்டுட்டு உடனே வீட்டுக்குப் போ, நான் வர்ற வரைக்கும் ஃபீபியைத் தனியா விடாதேன்னு சொல்லியாச்சு. 'இன்னாக்கா ஆச்சு?'ன்னான். ஃபீபிக்கு உடம்பு சரியில்லைன்னேன். அது பொய் இல்ல. மீதியை நீ சொல்லு. உனக்கு வாய் வரலைன்னா நாளைக்கு நான் பக்கத்துல இருக்கறப்போ சொல்லு. அவன் வர்ற வரைக்கும் அந்த ஆப்பாவை மெஷினை நிறுத்திட்டு உன்கூட வந்து உக்காரச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லு. வருவாங்க.

உனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டே. உனக்கு நோவு. பிள்ளை பெத்தவங்களுக்கு வர்றது. எத்தனையோ பேருக்கு வருது, இதுக்கு டாக்டர் இருக்காங்க, மருந்து இருக்கு, சரியாகும். வார்டுல எத்தனை அம்மாங்ககிட்ட, எத்தனை மாமியாருங்ககிட்ட நான் இதைச் சொல்லியிருக்கேன் தெரியுமா? முகம் வெளிறி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம, குழந்தையைப் பக்கத்துல படுக்க வெச்சிட்டு சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குத் தெரிஞ்சுடும். மாசம் ரெண்டு சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். வாசல்லயே கையை நீட்டி பிள்ளையை வாங்கிக்குவேன். போன எட்டு மாசத்துல உன் முகத்தை நான் சரியா பாத்த ஒரு நாளை நெனச்சுப் பாக்கறேன், வரல. உனக்கு பஸ்ஸுல பாப்பா முகம் வரலைன்னியே, எனக்கு உன் முகம் வரல.

திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கப் பேர் கொடுத்துட்டேன். நீ, நான், ஜெயகரன் மூணு பேரும் போறோம். நடந்தது பூரா நீ அங்க சொல்லணும். பஸ்ஸையும்தான். நான் கையைப் பிடிச்சுக்கறேன், வேணும்னா நகத்தால கிழிச்சுக்க.

ஞானஸ்நானம் 27ல நடந்தா நடக்கட்டும், இல்லைன்னா தள்ளிப் போகட்டும். ஆயர்கிட்ட நான் பேசறேன். என் பேரை ஃபாரத்துல எழுதலாமா வேணாமான்னு நீ என்னைப் பாத்துட்டு முடிவு பண்ணு. நான் இன்னா கேட்டேன்னு தெரிஞ்சவ நீ ஒருத்திதான். எழுதறதுன்னா உன் கையாலதான் எழுதணும்.

நாளைக்கு நான் வர்றது நிஸ்ஸிக்காக இல்ல, உனக்காக. அதனால குழந்தைக்குப் பவுடர் போட்டு வெக்காதே. டிஃபன் செய்யாதே. வந்ததும் பிள்ளையை என்கிட்ட கொடுத்துட்டு, உள்ளே போய், கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கு. அது அழுதாலும் எழுந்து வராதே. எவ்வளவு நேரம் முடியுதோ தூங்கு.

சாயங்காலம் நாலு மணிக்கு உன்னை எழுப்பி, பிள்ளையை உன் மடியில போடுவேன். நீ வேணாம்னு திரும்பிப் படுத்தாலும் போடுவேன். அந்த நேரத்துல எனக்குக் கொடுக்க மனசு வரலைன்னாலும் போடுவேன்.

கேத்தரின்